ஸ்டூலுக்கு இரண்டு சொட்டு எண்ணெய்

என் அக்கா ஊசி போட்டால் குழந்தை அழாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். அழும். ஆனால் அழுதுகொண்டே அவள் மடியை விட்டு இறங்காது. அந்த அளவுக்கு நல்ல பேர் எடுத்த நர்ஸ்.

பத்தொன்பது வருடமாக ஒரே சுகாதார நிலையத்தில், ஒரே அறையில், ஜன்னலுக்கு இடப்பக்கம் கிடக்கும் அதே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஏழு வருடம் நாடு நாடாகத் திரிந்துவிட்டு நான் திரும்பி வந்தபோது அந்த அறையில் புதிதாக இருந்தது ஒரு மர அலமாரி மட்டும்தான். உள்ளே சர்க்கரை நோயாளிகளின் அட்டைகள், நூற்று அறுபத்து மூன்று. ஆடின கால் சும்மா இருக்குமா? வீட்டில் இருக்கப் பிடிக்காமல், அட்டை எடுத்துக் கொடுக்கிறேன் என்று வியாழக்கிழமைதோறும் அவளோடு போக ஆரம்பித்தேன்.

வியாழன் சர்க்கரைக்காரர்கள் நாள். சர்க்கரை எவ்வளவு என்று பார்ப்பது மாதாமாதம் நடக்கும். அதோடு வருடத்துக்கு ஒருமுறை, அந்த நோய் உள்ளே வேறு எதையாவது அரித்திருக்கிறதா என்று தேட வேண்டும். கண்ணுக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம். சிறுநீரகத்துக்கு, மூடி போட்ட ஒரு குப்பி. காலுக்கு, அக்காவின் கை.

கால் பரிசோதனைக்குப் பெரிய கருவி எதுவும் கிடையாது. பேனா மாதிரி ஒரு பிடி, அதன் நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு நைலான் நரம்பு. தூண்டிலில் கட்டுவார்களே, அதே மாதிரி. நோயாளி கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நரம்பு வளையும் அளவுக்குப் பாதத்தில் பத்து இடங்களில் தொட வேண்டும். பட்டால் 'ம்' சொல்ல வேண்டும். பத்துக்குப் பத்து வந்தால் காலில் உணர்ச்சி இருக்கிறது. வராவிட்டால், முள் குத்தினாலும் தெரியாத கால் அது. புண்ணாகி, சீழ் பிடித்து, ஒருநாள் கத்தியில் போய் முடியும்.

வாயால் எதுவும் கேட்கக் கூடாது என்று, மூன்று வருடத்துக்கு முன் இந்தப் பரிசோதனையை ஆரம்பித்தபோது கொடுத்த பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். "படுதா?" என்று கேட்டால் பாவம், நர்ஸ் மனசு கோணாமல் இருக்கட்டும் என்று ஜனங்கள் ஆமாம் போட்டுவிடுவார்கள். அக்கா கேட்கவே மாட்டாள். தொடும் இடத்தையும் மாற்றி மாற்றித் தொடுவாள். கட்டில் காலடியில் ஒரு இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து தொட்டு, பின்னால் வந்து குறித்து, மறுபடி சாய்வாள். அவள் வேலையில் ஒருவர் குற்றம் சொன்னதில்லை.

தையல் மிஷின் பழுது பார்க்கும் ஒருவர் எங்கள் தெருக்கோடியில் கடை வைத்திருக்கிறார். எல்லாருக்கும் அவர் மிஷின்காரர். ஐம்பத்தெட்டு வயது. பாதி வேலை அவருக்குக் கையில் இல்லை, காதில். யார் வீட்டு ஜன்னலைத் தாண்டிப் போனாலும் நின்று, உள்ளே ஓடுகிற மிஷினைக் கேட்டு, "அடி நூல் பெட்டியில பஞ்சு அடைச்சிருக்கு, எடுத்துடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு நடப்பார். அவருக்கு மூன்று வருடமாகப் பத்துக்குப் பத்து. பரிசோதனை முடிந்து கண்ணைத் திறந்ததும் நைலான் நரம்பைப் பார்த்து, "மீன் சிக்குச்சா சிஸ்டர்?" என்று கேட்பது அவர் வழக்கம்.

அவருக்கு அந்த அறையில் பிடிக்காதது அக்காவின் ஸ்டூல் ஒன்றுதான்.

"அது ஒவ்வொரு தடவையும் கத்துது சிஸ்டர். கேக்கவே பாவமா இருக்கு."

"பத்தொன்பது வருஷமா கத்துது அண்ணே. எனக்குப் பழகிடுச்சு."

"அதுக்குப் பழகலையே."

அந்த வியாழக்கிழமை அவர் வரும்போதே சட்டைப் பையில் நீள மூக்கு எண்ணெய்க் குப்பி இருந்தது. அக்கா பக்கத்து அறைக்குப் பதிவேடு எடுக்கப் போன நேரத்தில் ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டு, கால் பொருந்துகிற இடத்தில் இரண்டு சொட்டு விட்டார். உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிப் பார்த்தார். சத்தமே இல்லை. என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "உங்க அக்காகிட்ட சொல்லாத, அவங்களா கண்டுபிடிக்கட்டும்" என்று கட்டிலில் ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். உதட்டில் சிரிப்பு நின்றது.

அக்கா வந்து உட்கார்ந்தாள். தொட்டாள். அவரிடமிருந்து 'ம்' வரவில்லை. இன்னொரு இடத்தில் தொட்டாள். கட்டைவிரல், நடுவிரல், குதிகாலுக்குப் பக்கம். நரம்பு ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர்ந்தது. நான் அட்டையும் பேனாவுமாக நின்றிருந்தேன்.

ஏழாவது இடத்தில் மிஷின்காரர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "என்ன சிஸ்டர், இன்னும் ஆரம்பிக்கலையா?"

முதலிலிருந்து மறுபடி தொட்டாள். மூன்றாம் முறையும் தொட்டாள். பிறகு நரம்பை வைத்துவிட்டு, பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இரண்டாம் விரலுக்குக் கீழே, தடித்த தோலின் நடுவில், மிளகில் பாதி அளவுக்குக் கறுப்பாக ஒரு புள்ளி. சுற்றிலும் அழுத்தினால் உள்ளே வாங்கியது. லேசான வாடை வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்ததில் உள்ளே ஒரு ஊசித் துண்டு நீட்டிப் படுத்திருந்தது. மிஷின்காரர் படத்தை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, "பதினாலாம் நம்பர். என் கடை ஊசிதான்" என்றாராம். கடைத் தரையில் உடைந்து கிடந்தது செருப்பைத் துளைத்து ஏறியிருக்கிறது. ஒரு மாதமாவது இருக்கும் என்றார்கள். அதோடுதான் அவர் கடைக்குப் போனார், வந்தார், பெடலை மிதித்தார். எலும்பு வரைக்கும் சீழ். இரண்டாம் விரலையும் அதன் வேரையும் எடுத்தார்கள்.

அது அப்புறம் நடந்தது. அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு அக்கா அறைக்குள் வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்தாள். பின்னால் வந்தாள். மறுபடி சாய்ந்தாள்.

"இது ஏன்டி கத்தல?"

சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை.

மருந்து கொடுக்கிற அறையில் அதே மாதிரி கத்துகிற இன்னொரு ஸ்டூல் உண்டு. அக்கா போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அடுத்து வந்தவர் பஸ் டிரைவர். படுத்துக் கண்ணை மூடினார். அக்கா நரம்பைக் கையில் பிடித்தபடி, அவர் காலுக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்தி, உடம்பை மட்டும் முன்னால் சாய்த்தாள். ஸ்டூல் கிறீச் என்றது.

"ம்" என்றார் டிரைவர்.

மறுபடி சாய்ந்தாள். கிறீச். "ம்."

அவள் முகத்தை நான் அதற்கு முன்னால் அப்படிப் பார்த்ததில்லை. வாயால் கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று வருடம் உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்காததை எல்லாம் அவளுக்குக் கீழே இருந்த இரும்பு கேட்டுவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள்: "கால் பரிசோதனை ஆரம்பிச்ச நாள்லேருந்து அந்த ஸ்டூல்தான். நூத்தி அறுபத்தி மூணு பேரு. அதுல எத்தனை பேருக்குக் கால் சொல்லுச்சோ, எத்தனை பேருக்கு ஸ்டூல் சொல்லுச்சோ."

"இனிமே சத்தமில்லாம பாருக்கா. அடுத்த வருஷப் பரிசோதனையில தானா தெரிஞ்சிடப் போவுது."

"வருஷம் சுத்தி வர்றதுக்குள்ள?"

"யாருக்குத் தெரியப்போவுது, சொல்லு. டாக்டருக்கே தெரியாது. நீயா போய் சொன்னா வேலைக்கே உலை வைப்பாங்க."

அவள் கையிலிருந்த தட்டைக் கழுவி முடித்து, கவிழ்த்துவிட்டு, இன்னொன்றை எடுத்தாள். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும் பேச்சு அது ஒன்றுதான். அப்போது மிஷின்காரர் ஆபரேஷன் வார்டில் படுத்திருந்தார்.

வாரம் ஒருமுறை வரும் டாக்டரம்மாவிடம் அக்கா சொல்லிவிட்டாள். அவர் அட்டைகளைப் புரட்டிப் பார்த்தார். "சொல்லிக் கொடுத்தபடிதான் செஞ்சிருக்கீங்க. பதிவெல்லாம் சுத்தமா இருக்கு. வம்பை விலைக்கு வாங்காதீங்க" என்றார். பிறகு அக்கா முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் தணிந்து, "கூப்பிட்டுப் பார்க்கணும்னா பாருங்க. நான் தடுக்கல. ஆனா இந்தத் தடவையாவது சரியா பாருங்க" என்றார்.

'இந்தத் தடவையாவது' என்ற சொல்லை அக்கா வழியெல்லாம் சுமந்துகொண்டு வந்தாள். எப்படிச் சரியாகப் பார்ப்பது? ஸ்டூல் கத்துவதையே பத்தொன்பது வருடம் கேட்காத காது அவளுடையது. இன்னும் என்னென்ன சத்தம் போடுகிறாளோ, யார் கண்டது.

மிஷின்காரர் வீடு திரும்பிய மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தது அவர் மனைவி.

"வாங்க சிஸ்டர். கால் பார்க்க வந்தீங்களா, இல்ல மிச்சம் எத்தனை விரல் இருக்குன்னு எண்ண வந்தீங்களா?"

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். மிஷின்காரர் கட்டுப்போட்ட காலை ஒரு தலையணைமேல் ஏற்றி வைத்து, மடியில் ஒரு மிஷின் தலையைக் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்டூல், சத்தம், மூன்று வருடப் பத்துக்குப் பத்து. சுற்றி வளைக்கவில்லை.

அவர் துணியை மடித்து வைத்தார். "தொடும்போது 'ம்' சொல்லுங்கன்னீங்க. நீங்க தொட்டப்போ எல்லாம் சொன்னேன். ஒரு தடவைகூட தப்ப விடலையே சிஸ்டர்."

"காலுல பட்டுச்சா அண்ணே?"

"நீங்க தொடுறீங்கன்னு எனக்குத் தெரிஞ்சுது. பட்டதுனாலதான் தெரியுதுன்னு நெனச்சேன்." மடியிலிருந்த மிஷின் தலையைத் தட்டிக்கொண்டே, "கண்ணை மூடிட்டா நான் காதுலதானே இருப்பேன்" என்றார்.

"முப்பது வருஷமா இந்தக் காதைக் கட்டிக்கிட்டு அழறேன்" என்றார் அவர் மனைவி. "நான் கூப்பிட்டா மட்டும் கேக்காது."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா சொன்னாள்: "அண்ணே, மன்னிச்சுடுங்கன்னு கேட்டா விரல் முளைக்காது. நான் அதுக்கு வரல. மத்தவங்களையெல்லாம் திரும்பப் பார்க்கணும். அதுக்கு எனக்கு உங்க காது வேணும்."

அவர் மனைவி உள்ளே போய்விட்டார். போகும்போது, "காலு போச்சு, இப்போ காது கேக்குறாங்க" என்று சொன்னது எங்களுக்குக் கேட்பதற்காகத்தான்.

மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் அந்த வீட்டுக் கூடத்தில் நடந்தது இது. நான் பாயில் படுத்துக் காலை நீட்டுவேன். அக்கா தரையில் மண்டி போட்டு நரம்பால் தொடுவாள். மிஷின்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, கண்ணை மூடி, அவள் எப்போது தொடுகிறாள் என்று காதால் கண்டுபிடிக்க வேண்டும். அவர் கண்டுபிடித்தால் அக்கா தோற்றாள்.

முதல் நாள் பத்துக்கு ஒன்பது சொன்னார்.

"புடவை. சாயறப்ப கஞ்சி போட்ட மடிப்பு உரசுது."

மறுநாள் அக்கா பழைய துணி கட்டிக்கொண்டு வந்தாள். ஏழு.

"குறிக்கிற பேனா மூடியை எடுக்குறீங்க, போடுறீங்க. அப்புறம் உங்க முட்டி, நம்ம வயசுக்கு அது பேசத்தான் செய்யும். ஆரம்பத்துலேயே வாகா உட்கார்ந்துடுங்க."

என் காலைப் பற்றியும் அபிப்பிராயம் வந்தது. "இது காலாடி, எருமைத் தோலா?" என்றாள் அக்கா. "எங்கெல்லாம் நடந்து தொலைச்ச?" நான் ஒவ்வொரு தொடுதலையும் உணர்ந்துகொண்டு பேசாமல் கிடந்தேன். என் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதே அந்த வீட்டில் கூச்சமாக இருந்தது.

மூன்றாம் நாள் ஐந்து. பேனா இல்லை, மடிப்பு இல்லை, முட்டி இல்லை. எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று அக்காவுக்கு விளங்கவில்லை.

"மூச்சு" என்றார் மிஷின்காரர். "தொடுறதுக்கு முன்னாடி மூச்சைப் பிடிக்கிறீங்க. ஊசியில நூல் கோக்குற மாதிரி. விட்டுடுங்க. மூச்சு பாட்டுக்குப் போகட்டும், கை பாட்டுக்குப் போகட்டும்."

அதற்குத்தான் நாலு நாள் ஆயிற்று. அக்கா ராத்திரி சாப்பிடும்போதுகூட மூச்சைக் கவனித்தபடி இருந்தாள். எட்டாம் நாள் சாயங்காலம் மண்டி போட்டு, என் இரண்டு பாதத்திலும் பத்துப் பத்து இடம் தொட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடி மிஷின்காரர் கேட்டார்:

"ஆரம்பிச்சாச்சா?"

"முடிஞ்சுடுச்சு அண்ணே."

அவர் திரும்பினார். வேலை முடிந்த மிஷினைப் பார்ப்பது போல அவளைத் திருப்தியாகப் பார்த்தார். பிறகு பார்வை தன் கட்டுக் காலுக்குப் போயிற்று. அடுக்களை வாசலில் நின்றிருந்த அவர் மனைவி முதல்முறையாக எங்களுக்கு டீ கொண்டுவந்து வைத்தார்.

அட்டைகளை நான் அடுக்கிக் கொடுக்க, அக்கா ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். எல்லாரிடமும் காரணத்தையும் சொன்னாள். "ஸ்டூல் சத்தம் போட்டுது, நான் கவனிக்கல, என் தப்பு." சிலர் தலையாட்டினார்கள். சலவைக்கடைக்காரர், "எங்க வீட்டுக் கதவுகூட கத்துது சிஸ்டர், அதுக்கும் ஒரு அட்டை போடுங்களேன்" என்றார். ஒரு அம்மா, "அப்போ என் பிரஷர் பார்த்ததாவது மிஷின் பார்த்ததா, மேஜை பார்த்ததா?" என்று கேட்டு, காலைக் காட்டிவிட்டுப் போனவர், அதன்பிறகு திரும்ப வரவே இல்லை. அக்காவின் நல்ல பேர் பத்தொன்பது வருடம் சேர்ந்தது, ஒரு மாதத்தில் தெருவில் சிந்தியது. அவள் தரையில் மண்டி போட்டபடி, மூச்சை விட்டபடி, தொட்டுக்கொண்டே இருந்தாள்.

பதிமூன்று பேருக்கு உணர்ச்சி இல்லை. பஸ் டிரைவரும் அதில் ஒருவர். இரண்டு பேருக்குச் சின்னப் புண், ஆறிவிடும். மற்றவர்களுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், செருப்பைத் தட்டிவிட்டுப் போட வேண்டும், வெந்நீரைக் கையால் தொட்டுப் பார்க்காமல் காலில் ஊற்றக் கூடாது என்று ஒவ்வொருவருக்கும் அவளே செய்து காட்டினாள். நான், "பாரு, பதிமூணு பேரு தப்பிச்சாங்க" என்றேன். "எண்ணாதே" என்றாள்.

கடைசியில் ஒரு அட்டை மிஞ்சியது. பள்ளிக்கூட வாட்ச்மேன், அறுபத்தாறு வயது. ஒன்றரை வருடத்துக்கு முன் பத்துக்குப் பத்து. அதன்பிறகு மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். அட்டையின் மூலையில் மகளின் போன் நம்பர் இருந்தது. அக்கா கூப்பிட்டு, போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பாவா? இருக்காரு. அவருக்குப் போன மழைக்காலத்துலேயே முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்களே சிஸ்டர். உங்களுக்குத் தெரியாதா?"

அக்கா அட்டையைக் கீழே வைத்தாள்.

"வெந்நீர் ஊத்திக்கிட்டாரு. சூடே தெரியல அவருக்கு. கால் சிவந்திருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே. எங்க சிஸ்டர் கையால தொட்டுப் பார்த்து பத்துக்குப் பத்து போட்டிருக்காங்க, என் காலுக்கு ஒண்ணும் இல்லன்னு அதையே சொல்லிட்டிருந்தாரு. ஒரு வாரம் போச்சு, அவ்வளவுதான். நீங்க எதுக்குக் கூப்பிட்டீங்க?"

நான் போனை அணைத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். அக்கா என் கையைத் தள்ளிவிட்டு, எதற்குக் கூப்பிட்டாள் என்பதைச் சொன்னாள். ஸ்டூலைப் பற்றிச் சொன்னாள். என் தப்பு என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண், "இதை நான் அவர்கிட்ட சொல்ல மாட்டேன். உங்கமேல அவ்வளவு நம்பிக்கை அவருக்கு. நீங்களே சொல்லிக்கோங்க" என்றாள். உள்ளே திரும்பிக் கூப்பிடுவது கேட்டது. "அப்பா, உங்க சிஸ்டர் பேசறாங்க."

தூரத்தில் ஒரு கட்டில் அசைந்தது. அப்புறம் தரையில் கட்டையை ஊன்றுகிற சத்தம். ஒரு ஊன்றல், ஒரு இழுப்பு. ஒரு ஊன்றல், ஒரு இழுப்பு. பெரிய வீடு போலிருக்கிறது. அவர் வேகமாக வர முயல்வது தெரிந்தது.

அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, போனுக்கு மேல் குனிந்திருந்தாள். அவள் முதுகு அசையவே இல்லை.

"மூச்சை விடுக்கா" என்றேன்.

விட்டாள். சத்தம் போனுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. "சிஸ்டர், நல்லாயிருக்கீங்களா? என்னை ஞாபகம் வச்சிருக்கீங்களே" என்று ஒரு சந்தோஷமான குரல் கேட்டது.

"ஐயா" என்றாள் அக்கா, "உட்கார்ந்துக்கோங்க. உங்க காலைப் பத்தி நான் ஒண்ணு சொல்லணும்."